நோயாளரின் நிலை சரியுமுன்: மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் கடமையாற்றும் தாதியருக்கு

விடுதியில் இருந்த நோயாளர் திடீரென மோசமாகிவிட்டார் என்று சொல்வது வழக்கம். அவருடைய அவதானிப்புப் படிவத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலான வேளைகளில் அதில் திடீரென்று எதுவும் நடந்திருக்காது. சுவாசவீதம் மெல்ல ஏறியிருக்கும், நாடி விரைந்திருக்கும், சிறுநீர்ப் பை பல மணித்தியாலங்களாக நிரம்பாமலே தொங்கியிருக்கும். குருதி அமுக்கம் விழுந்த பின்னர்தான் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். மருத்துவ, சத்திரசிகிச்சைத் தாதியம் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட மணித்தியாலங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது, எப்படி எண்ணுவது, யாரிடம் எந்தச் சொற்களில் சொல்வது, மருந்து கொடுக்கும் கை எங்கே நின்று யோசிக்க வேண்டும் என்பவற்றையே இங்கு எழுதுகிறேன்.

திருகோணமலை நகரிலுள்ள பொது வைத்தியசாலையிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளிலும் புதிதாகக் கடமை ஏற்பவர்களையும், பயிற்சிக் காலத்தில் விடுதிகளுக்கு வரும் மாணவ தாதியரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வைத்தியசாலையின் எழுத்து மூல நடைமுறையும் வைத்தியரின் கட்டளையும் எப்போதும் முதலிடம் பெறும். இங்கு தரப்படும் இலக்கங்கள் வளர்ந்தோருக்கு உரியவை. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவை பொருந்தா.

கடமையை ஏற்கும்போது

கடமையை மேசையருகில் நின்று ஏற்காதீர்கள், கட்டிலருகில் சென்று ஏற்றுக்கொள்ளுங்கள். முந்தைய கடமையில் இருந்தவர் சொல்வதைக் காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சேலைன் போத்தலின் மட்டத்தையும், வடிகுழாயில் சேர்ந்திருப்பதன் நிறத்தையும் அளவையும், காயக்கட்டின் ஓரத்தையும், சிறுநீர்ப் பையையும், எல்லாவற்றிற்கும் மேலாக நோயாளரின் முகத்தையும் பார்த்துவிட வேண்டும். மதியம் கலகலப்பாகப் பேசிய ஒருவர் மாலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்றால் அதை எந்தப் படிவமும் உங்களுக்குச் சொல்லாது. பார்வையாளர் நேரத்தில் வரும் மனைவியிடமோ மகளிடமோ, “இவர் வழமையாக இப்படித்தான் இருப்பவரா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். வயதானவர்களில் தோன்றும் புதிய மனக்குழப்பத்தை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அநேகமாக வீட்டாரே. அவசர சிகிச்சைத் தள்ளுவண்டி, உறிஞ்சு கருவி, ஒட்சிசன் உருளையின் அழுத்தமானி ஆகியவற்றையும் அதே சுற்றிலேயே பார்த்துவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் வெற்று உருளையைக் கண்டுபிடிப்பதால் யாருக்கும் பயனில்லை.

எண்ணப்படாத எண்

உயிர் அறிகுறிகளில் மிக முந்தி மாறுவது சுவாசவீதம். மிகக் குறைவாக எண்ணப்படுவதும் அதுவே. குருதி அமுக்கத்தையும் நாடியையும் ஒட்சிசன் செறிவையும் இயந்திரம் தந்துவிடுகிறது, சுவாசத்தை மட்டும் மனிதர் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. ஆகவே முப்பது கட்டில்களுக்கும் ஒரே எண், 18 அல்லது 20, வரிசையாக எழுதப்பட்டிருக்கும் படிவங்களைப் பார்க்க நேரிடுகிறது. அப்படியான படிவம் வெறும் காகிதத்தைவிட ஆபத்தானது. வெறும் கட்டத்தைப் பார்ப்பவர் எண்ணிப் பார்ப்பார், நிரப்பிய கட்டத்தைப் பார்ப்பவர் நம்பிவிடுவார்.

எண்ணும் முறை எளிது. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளர் அறியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதை முழுமையாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். தன் மூச்சு எண்ணப்படுகிறது என்று அறிந்தவரின் மூச்சு உடனே மாறிவிடும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சைத் தவறவிட்டாலே விடையில் நான்கு வேறுபடும், ஒழுங்கற்ற சுவாசமும் கண்ணில் படாது. போர்வை தடித்திருந்தால் உங்கள் உள்ளங்கையை மேல் வயிற்றில் மெதுவாக வையுங்கள். எண்ணும்போதே கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, ஒரு வசனத்தை முடிக்காமல் இடையில் மூச்சு வாங்குகிறாரா, “களைக்குது பிள்ளை” என்றோ “என்னவோ அந்தரமாகக் கிடக்கு” என்றோ சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அப்படிச் சொல்லும் ஒருவரை “ஒன்றுமில்லை ஐயா, படுங்கள்” என்று சமாதானப்படுத்துவதற்கு முன்னர் ஒரு தடவை எண்ணிவிடுங்கள்.

வளர்ந்தவர் ஒருவருக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையான சுவாசம் வழமையானது. 25 ஐத் தொட்டாலோ 8 க்கு இறங்கினாலோ அது அவசரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் வெக்கையில் எல்லோருக்கும் மூச்சு விரைவாகத்தான் இருக்கும் என்று ஒரு சாட்டு உண்டு. மின்விசிறியைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அதற்குக் காரணம் வெக்கை அல்ல.

இயந்திரம் தரும் எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. குளிர்ந்த கை, நகப்பூச்சு, நடுங்கும் விரல் ஆகியவை ஒட்சிசன் செறிவைப் பிழையாகக் காட்டலாம். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் குருதி அமுக்கம் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். நாடியை ஒரு தடவையாவது விரலால் தொட்டுப் பாருங்கள். ஒழுங்கற்ற துடிப்பையும் நூல்போல் மெலிந்த துடிப்பையும் விரல்தான் அறியும். உயர் குருதி அமுக்கத்துக்கு அட்டெனலோல் போன்ற மருந்து எடுப்பவருக்குக் குருதி இழப்பின்போதும் நாடி விரையாமல் இருக்கலாம். பரசிற்றமோல் தொடர்ந்து கொடுக்கப்படுபவருக்கும் ஸ்டீரொய்ட் எடுப்பவருக்கும் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் தெரியாமற் போகலாம்.

தனித்தனி எண்களை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது

பிரித்தானிய அரச மருத்துவர் கல்லூரி 2012 இல் வெளியிட்டு 2017 இல் திருத்திய முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை, சுவாசவீதம், ஒட்சிசன் செறிவு, ஒட்சிசன் கொடுக்கப்படுகிறதா என்பது, மேல் குருதி அமுக்கம், நாடி, விழிப்பு நிலை, வெப்பநிலை ஆகிய ஏழுக்கும் புள்ளிகள் தருகிறது. மொத்தம் 5 ஆனால் வைத்தியர் விரைந்து வந்து பார்க்க வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் என்றால் அது அவசரநிலை. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 புள்ளி வந்தாலும் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் விடுதியில் அந்தப் படிவம் இல்லாவிட்டாலும் அது சிந்திக்கும் விதத்தைக் கற்றுக்கொள்வது நல்லது. ஏனெனில் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் “பரவாயில்லை” என்று தோன்றும் எண்களை அது ஒன்றாக நிறுத்திக் காட்டுகிறது.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறுபது கிலோ எடையுள்ள முதியவர் ஒருவருக்குக் காலையில் குடல் அடைப்புக்குச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்குச் சுவாசம் 20, செறிவு 97, மேல் அமுக்கம் 118, நாடி 96, வெப்பநிலை 37.2. நாடிக்கு மட்டும் ஒரு புள்ளி, மொத்தம் 1. இரவு 8 மணிக்குச் சுவாசம் 22, செறிவு 96, அமுக்கம் 114, நாடி 104, வெப்பநிலை 37.6. சுவாசத்துக்கு 2, நாடிக்கு 1, மொத்தம் 3. இரவு 10 மணிக்குச் சுவாசம் 24, செறிவு 95, அமுக்கம் 108, நாடி 112, வெப்பநிலை 37.8. இப்போது சுவாசத்துக்கு 2, செறிவுக்கு 1, அமுக்கத்துக்கு 1, நாடிக்கு 2, ஆக மொத்தம் 6. அவர் விழித்திருக்கிறார், பேசுகிறார், 108 என்ற அமுக்கம் யாரையும் பயமுறுத்தாது. ஆயினும் நான்கு மணித்தியாலத்தில் எல்லா எண்களும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. உள்ளே குருதி கசிகிறதா, குடல் தைத்த இடத்தில் ஒழுகுகிறதா, தொற்று குருதியில் பரவுகிறதா என்பதைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. ஏதோ நடக்கிறது என்று 10 மணிக்கே சொல்வது உங்கள் வேலை, அதிகாலை 2 மணிக்கு அல்ல.

அமுக்கத்தை நம்பிக் காத்திருப்பது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அறுபது கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறக்குறைய 4,200 மில்லிலீற்றர் குருதி இருக்கும். அதில் 30 சதவீதம் வரை, அதாவது ஒரு லீற்றருக்கும் மேல், இழக்கும் வரையில் குருதிக் குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை விரைவுபடுத்தியும் உடல் மேல் அமுக்கத்தைத் தாங்கிப் பிடித்துவிடும். அமுக்கம் விழுந்தது என்றால் உடலின் சேமிப்புத் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அந்த முதியவரின் கட்டிலருகில் நின்று இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். காயக்கட்டின் மேற்பக்கம் உலர்ந்திருந்தாலும் குருதி பக்கவாட்டில் வழிந்து முதுகின் கீழே தேங்கியிருக்கலாம். ஆதலால் கையுறை அணிந்து விலாவின் கீழே கையைச் செலுத்தி விரிப்பு நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். வடிகுழாயில் வருவது திடீரென்று கூடினாலும் கவலை, வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்று வயிறு விறைத்தாலும் கவலை. குழாய் கட்டியால் அடைபட்டிருக்கலாம், அல்லது நோயாளர் அதன்மேல் படுத்திருக்கலாம். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். சிறுநீர் மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றர், அதாவது இவருக்குக் குறைந்தது 30 மில்லிலீற்றர் வர வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் 35 தான் சேர்ந்திருக்கிறது என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதீற்றர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுவது முக்கியம்.

வைத்தியரிடம் சொல்லும் விதம்

“டொக்டர், ஏழாம் கட்டில்காரருக்குக் கொஞ்சம் சரியில்லைப்போல் இருக்கிறது” என்று சொன்னால், நள்ளிரவில் வேறொரு விடுதியில் நிற்கும் வைத்தியர் “சரி, பார்த்துக்கொள்ளுங்கள்” என்றுதான் சொல்வார். அதற்காக அவரைக் குறைகூற இயலாது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற ஒழுங்கில் சொல்லுங்கள்: “டொக்டர், சத்திரசிகிச்சை விடுதியிலிருந்து தாதிய உத்தியோகத்தர் பேசுகிறேன். ஏழாம் கட்டில் நோயாளரின் சுவாசம் 24, நாடி 112. மாலை 6 மணிக்கு 20 உம் 96 உமாக இருந்தன. மேல் அமுக்கம் 118 இலிருந்து 108 ஆகியிருக்கிறது. இன்று காலை குடல் அடைப்புக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு மணித்தியாலத்தில் 35 மில்லிலீற்றர் சிறுநீர்தான் வந்தது, வயிறு சற்று விறைத்திருக்கிறது. உள்ளே குருதி கசியலாம் என்று நினைக்கிறேன். தயவுசெய்து இப்போதே வந்து பாருங்கள்.” இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். தயக்கம் காரணமாக நம்மில் பலர் தகவலைச் சொல்லிவிட்டு வேண்டுகோளை விழுங்கிவிடுகிறோம்.

தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் நமது விடுதிகளில் தொலைபேசிக் கட்டளை தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. எண்களை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘பிஃப்டீன்’ என்பதும் ‘பிஃப்டி’ என்பதும் காதில் ஒன்றுபோல விழும். ஆகவே மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, “வன் ஃபைவ், பதினைந்து மில்லிகிராம்தானே டொக்டர்?” என்று இலக்கங்களைப் பிரித்துத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். தொலைபேசிக் கட்டளையை எந்தச் சந்தர்ப்பத்தில் ஏற்கலாம், யார் எப்போது கையொப்பமிட வேண்டும் என்பது வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபடும், அதைக் கடமையின் முதல் வாரத்திலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நோயாளர் சிங்களம் மட்டும் பேசுபவராகவும் நீங்கள் அதைப் போதியளவு அறியாதவராகவும் இருந்தால் விடுதியில் அம்மொழி அறிந்த உத்தியோகத்தரை அழையுங்கள். பக்கத்துக் கட்டில்காரரை மொழிபெயர்க்கச் சொல்வது கைக்கெட்டிய வழிதான், ஆனாலும் ஒருவரின் நோய் விபரம் முழு விடுதிக்கும் தெரியவருவது அப்படித்தான்.

வைத்தியர் வரத் தாமதமானால் நோயாளரைத் தனியே விடாமல், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவதானிப்பை எடுத்து, செறிவு 94 க்குக் கீழே சென்றால் நடைமுறைப்படி ஒட்சிசனைத் தொடங்கி, விடுதிப் பொறுப்புத் தாதிய உத்தியோகத்தருக்கும் அடுத்த நிலை வைத்தியருக்கும் அறிவியுங்கள். நாட்பட்ட சுவாச நோயாளருக்கு வைத்தியர் 88 முதல் 92 வரை என்று இலக்கு வைத்திருக்கலாம், அவர்களுக்கு ஒட்சிசனை அள்ளிக் கொடுப்பது தீங்கு. யாருக்கு எத்தனை மணிக்கு அறிவித்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை அப்போதே எழுதிவிடுங்கள்.

மருந்து கொடுக்கும் கை

சரியான நோயாளர், மருந்து, அளவு, வழி, நேரம், பதிவு என்ற பாடத்தை எல்லோரும் அறிவோம். தவறு பெரும்பாலும் முதலாவதிலேயே நுழைகிறது. “நீங்கள்தானே அப்துல் காதர்?” என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் “ஓம்” என்றே சொல்வார்கள். “உங்கள் முழுப்பெயர் என்ன ஐயா?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்லும் பெயரை நோயாளர் சீட்டிலுள்ள பெயரோடும் இலக்கத்தோடும் ஒப்பிடுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரே பெயருடைய இருவர் ஒரே விடுதியில் இருப்பது புதுமையல்ல. கட்டில் இலக்கம் அடையாளமாகாது, பிற்பகலில் கட்டில் மாறிவிடும். ஒவ்வாமை உண்டா என்று சீட்டில் பார்த்த பின்னரும் வாயால் ஒரு தடவை கேளுங்கள்.

சில மருந்துகளுக்கு முன்னால் கை இயல்பாகவே தயங்க வேண்டும். அவற்றுள் முதலாவது செறிந்த பொற்றாசியம் குளோரைட்டு. அதை ஐதாக்காமல் நேரடியாக நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதற்கு விதிவிலக்கே இல்லை. சேலைனில் கலந்தால் போத்தலைப் பலமுறை கவிழ்த்து நன்றாகக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கனமான கரைசல் அடியில் தங்கி முதலில் இறங்கிவிடும். சாதாரண விடுதியில் மணித்தியாலத்துக்கு 10 மில்லிமோலுக்கு மேற்படாமல் கொடுப்பதே பரவலான நடைமுறை. சிறுநீர் போகாதவருக்குப் பொற்றாசியம் எழுதப்பட்டிருந்தால் கொடுக்கும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். அந்தக் குப்பிகளைச் சேலைன் குப்பிகளோடு ஒரே தட்டில் வைக்காமல் வேறாக்கிப் பூட்டி வைப்பது எந்தப் பயிற்சியைவிடவும் பெரிய பாதுகாப்பு.

இன்சுலினில் ஆபத்து வேறு விதமானது. குப்பியில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு இருக்க, மில்லிலீற்றருக்கு 40 அலகு என்று கோடிட்ட ஊசியால் 10 என்ற கோடு வரை எடுத்தால் கைக்கு வருவது கால் மில்லிலீற்றர், அதாவது 25 அலகு. ஊசியில் அச்சிட்டிருப்பதும் குப்பியில் அச்சிட்டிருப்பதும் ஒன்றா என்பதை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இன்சுலின் கொடுக்கும் முன் சாப்பாடு வந்துவிட்டதா, சாப்பிடக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பதும் அளவுக்கு இணையான விடயம். மோர்பின் போன்ற வலிநிவாரணிகளுக்கு முன்னரும் பின்னரும் சுவாசத்தையும் உறக்க நிலையையும் பாருங்கள். கூப்பிட்டால் கண் திறந்து பேச்சின் நடுவிலேயே உறங்கிவிடுபவருக்கு, சுவாசம் இன்னும் 8 க்கு இறங்காவிட்டாலும், அடுத்த அளவை நிறுத்தி அறிவிக்க வேண்டும். பரசிற்றமோல் எல்லோருக்கும் பழகிய மருந்து என்பதாலேயே மாத்திரையாகவும் நாளத்திலும் இரட்டிப்பாகச் சென்றுவிடுகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராம் மேல் எல்லை, ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒவ்வொரு தடவையும் கிலோவுக்கு 15 மில்லிகிராம்.

சேலைன் துளிக் கணக்குக்கு அளவைத் துளிக் காரணியால் பெருக்கி நிமிடங்களால் வகுக்க வேண்டும். மில்லிலீற்றருக்கு 20 துளி தரும் குழாயில் 1,000 மில்லிலீற்றரை 8 மணித்தியாலத்தில் கொடுக்க 20,000 ஐ 480 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. குழாய்ப் பொதியில் 15 என்றோ 60 என்றோ இருந்தால் விடை முற்றாக மாறும் என்பதால் பொதியைக் கிழித்து எறியும் முன் அந்த எண்ணைப் படியுங்கள். நோயாளர் கையை மடித்தாலும் வேகம் மாறும், ஆகவே போத்தலில் நேரக் கோடுகள் ஒட்டிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

குருதியேற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக: இருவர் சேர்ந்து, கட்டிலருகில் நின்று, பையையும் சீட்டையும் நோயாளரையும் ஒப்பிட வேண்டும். மேசையில் ஒப்பிட்டுவிட்டுத் தனியாகக் கொண்டுசெல்வது ஒப்பீடே அல்ல. பை குருதி வங்கிக் குளிரூட்டியை விட்டு வெளியே வந்து 30 நிமிடத்துக்குள் தொடங்கி 4 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் 15 நிமிடமும் அருகில் இருங்கள். குளிர்நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், சிவந்த தடிப்பு எது தோன்றினாலும் முதலில் நிறுத்துங்கள், பின்னர் அறிவியுங்கள். பழைய குழாயைக் கழற்றிப் புதிய குழாயில் சேலைனைத் தொடங்கி நாளத்தைக் காத்துக்கொள்ளுங்கள், பையை எறியாதீர்கள்.

காய்ச்சல் விட்ட பின் வரும் ஆபத்து

2017 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இம்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டில் நாடு முழுவதும் 186,101 பேர் நோயாளராகப் பதிவாகினர். டெங்கு விடுதியில் புதிய தாதியர் கற்க வேண்டிய முதல் பாடம், காய்ச்சல் விட்டவுடன் வீட்டார் நிம்மதியடையும் அந்த நேரத்தில் நாம் விழிப்படைய வேண்டும் என்பது. குருதித் திரவம் குழாய்களிலிருந்து கசியும் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், வெப்பநிலை இறங்கும்போதே தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும்.

இங்கே மேல் அமுக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. 100/80 என்ற அமுக்கத்தில் 100 நல்ல எண்ணாகத் தோன்றும், ஆனால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 20 தான். அது அதிர்ச்சி நிலை. ஒவ்வோர் அளவீட்டின்போதும் கழித்து, அந்த வேறுபாட்டையும் படிவத்தில் எழுதுங்கள். பி.சி.வி. அளவு, அதாவது குருதியில் செங்கலங்கள் வகிக்கும் சதவீதம், ஆரம்பத்தில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு நடக்கிறது என்று கொள்ளலாம். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையையே எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஆனால் கட்டிலருகில் நிற்பவருக்கு உண்மையில் வழிகாட்டுவது நாடியும் அமுக்க வேறுபாடும் சிறுநீரும் பி.சி.வி.யும்தான். குடித்ததும் ஏற்றியதும் போனதும் ஒரு தேநீர்க் கோப்பை விடாமல் எழுதப்பட வேண்டும். திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சை அடைக்கும். வீட்டார் அன்போடு கொண்டுவரும் இளநீரையும் பழச்சாற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். டைக்குளோபெனக், ஐபுபுறூபன், அஸ்பிரின் ஆகியவை கூடா, தசையில் ஊசியும் கூடாது.

சீனி வருத்தமும் நோன்பும்

விடுதியில் நீரிழிவு நோயாளர் ஒருவர் வியர்த்து, நடுங்கி, எரிச்சலாகப் பேசினால் முதலில் விரலில் குத்திக் குருதி வெல்லத்தைப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடியவராகவும் இருந்தால் மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், ஏறியதும் சாப்பாடு கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அவருக்கு நாளத்தில் குளுக்கோசு தேவை. பதவிசிறிபுரப் பக்கத்திலிருந்து வரும் சிறுநீரக நோயாளருக்கு இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்கும் என்பதால் ஒரு தடவை ஏறிய வெல்லம் மீண்டும் விழலாம்.

நோன்பு காலத்தில் சிலர் பகல் மாத்திரையை வாங்கித் தலையணையின் கீழே வைத்துவிடுவார்கள், கந்தசஷ்டி விரதத்தில் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பவர்களும் உண்டு. கடிந்துகொண்டால் அடுத்த தடவை மறைப்பார்கள். அனுமதிக்கும்போதே கேட்டு வைத்தியருக்குச் சொன்னால் மருந்து நேரத்தை மாற்றலாமா, விரதத்தை விடச் சொல்ல வேண்டுமா என்று அவர் தீர்மானிப்பார், வேண்டுமானால் மௌலவியையோ குடும்பத்து மூத்தவரையோ அழைத்துப் பேசலாம். நாட்டு மருந்தைப் பற்றியும் இதே தொனியில் கேளுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது, இங்கே கசாயமும் பஸ்பமும் பலர் வீட்டில் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் அவற்றை அறிந்திருப்பது மயக்க மருந்து கொடுப்பவருக்கு அவசியம்.

தொற்றும் குழாய்களும்

கையைக் கழுவுவதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அற்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சவர்க்காரமும் நீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கையுறை அணிந்தாலும் கழுவத்தான் வேண்டும் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். ஒவ்வொரு கடமையிலும் நாளத்தில் செருகிய கனுலா இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சிவந்தோ வீங்கியோ நொந்தோ இருந்தால் கழற்றுங்கள். சிறுநீர் சேரும் பை எப்போதும் உடலினுள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேயும் நிலத்துக்கு மேலேயும் தொங்க வேண்டும். தள்ளுவண்டியில் கொண்டுசெல்லும்போது நோயாளரின் வயிற்றின்மேல் அதை வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். வைத்தியர் காலைச் சுற்றுக்கு வரும்போது “இந்தக் கதீற்றர் இன்னும் தேவையா?” என்று தினமும் கேளுங்கள்.

அனுப்பி வைக்கும்போது

திருகோணமலையிலிருந்து அனுராதபுரத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல், மட்டக்களப்பும் கண்டியும் அதைவிடத் தூரம். இடமாற்றப்படும் நோயாளரை அம்புலன்ஸில் ஏற்றும் முன் பயண நேரத்தைப் போல் இரு மடங்குக்கு ஒட்சிசன் இருக்கிறதா, இரண்டு நாளங்கள் திறந்திருக்கின்றனவா, உறிஞ்சு கருவி வேலை செய்கிறதா, ஏற்கும் விடுதிக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். கடைசியாகக் கொடுத்த மருந்தும் நேரமும் கடிதத்தின் முதற்பக்கத்திலேயே இருக்கட்டும்.

வீட்டுக்குச் செல்பவருக்குச் சொல்ல வேண்டியவை அவர் செய்யும் தொழிலைப் பொறுத்தவை. குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்த மீனவரிடம் “பாரம் தூக்காதீர்கள்” என்றால் அவர் தலையாட்டிவிட்டு மறுவாரமே தோணியைத் தள்ளுவார், ஏனெனில் தோணி அவருக்குப் பாரமாகத் தெரிவதில்லை. தோணி தள்ளக்கூடாது, வலை இழுக்கக்கூடாது, வைத்தியர் சொல்லும் வரை கடலில் இறங்கிக் காயத்தை நனைக்கக்கூடாது என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், வயிற்று வீக்கம், கெண்டைக்கால் வீங்கி நோதல், மூச்சுத்திணறல் ஆகிய எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் வரச் சொல்லுங்கள். புல்மோட்டை, வெருகல் போன்ற தூர இடத்தவருக்கு 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். சொல்லி முடித்ததும், “வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வீர்கள் ஐயா, ஒருக்கா எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். அவர் விட்டுவிடும் பகுதியை மட்டும் மறுபடி விளக்கி, மருந்துப் பையில் ஒவ்வொரு மாத்திரையின் நேரத்தையும் தமிழில் எழுதி, அடுத்த வருகையின்போது பழைய மருந்துகளையும் அந்தப் பையிலேயே கொண்டுவரச் சொல்லி அனுப்புங்கள்.